பதில் அனுப்ப வேண்டாம்

ஹார்பர் லைன் நின்று ஒன்பது மணி நேரம்.
கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில்
ஒரு பெஸ்ட் பஸ் ஜன்னல்வரை முங்கிக் கிடப்பதை
போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார் திவாரி,
லேபின் இரவுக் காவல். கூடவே ஒரு வரி:
கரண்ட் போச்சு, யூபிஎஸ் நாற்பது நிமிஷம்தான் தாங்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு ரிப்போர்ட்
விடியுமுன் போயாக வேண்டும்.
நான் செம்பூரில், திலக் நகரில்,
நாலு நாளாய்த் துணி காயாத அறையில்.

கடிதம் வெளியேறும் கதவுக்கு எண் இருபத்தைந்து.
என் இணைப்புக்காரன் அதை எப்போதோ சாத்திவிட்டான்,
லாட்டரிப் பரிசும் ஆண்மை லேகியமும்
அந்த வழியாகத்தான் கிளம்புகின்றன என்று.
நியாயம்தான்.

ஆகவே சுரங்கம்.
ஒற்றை வரிக் கட்டளை. சாவிக்கு ஒரு கடவுச்சொல்.
நட்சத்திரப் புள்ளிகூடக் காட்டாத கறுப்புத் திரையில்
பதினாறு எழுத்தை விரல்நுனியை நம்பித் தட்டினேன்.
மறுமுனை தன் கைரேகையைக் காட்டியது.
தெரிந்த ரேகைதான்.

இப்போது என் மடிக்கணினியில்
2525 என்று ஒரு பொய்க் கதவு.
அதைத் தட்டி, பக்கத்து அறையோடு பேசுவதாக எண்ணி
வணக்கம் சொல்கிறது என் நிரல்.
பதில் மாதுங்காவிலிருந்து வருகிறது,
சயானில் தேங்கிய தண்ணீரையெல்லாம் தாண்டி,
வழியில் எவர் ஒட்டுக்கேட்டாலும் புரியாத முணுமுணுப்பாக.
அங்கிருக்கும் சர்வருக்கோ
நான் அதன் சொந்த வீட்டு ஆள்.

பெயர், முகவரி, கோப்பு. பெயர், முகவரி, கோப்பு.
ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு விநாடி மூச்சு,
இல்லாவிட்டால் என்னையும் குப்பைக்காரி என்பார்கள்.
250 சரி. 250 சரி. 250 சரி.
சர்க்கரை, தைராய்டு, டெங்கு, மறுபடி சர்க்கரை:
கோப்பின் பெயரளவுக்குத்தான் இவர்கள் உடம்பு எனக்கு.
திறந்து பார்ப்பதில்லை.
சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

இருநூற்றேழாவது திரும்பி வந்தது.
பிரணாலி. ஜிமெயிலில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது,
கவுன்ட்டரில் யாரோ அவசரத்தில் அடித்தது.
மாற்றினேன். அனுப்பினேன். 250 சரி.
எல்லாம் முடிந்தபோது
யூபிஎஸ்ஸில் இருபத்தெட்டு நிமிஷம் பாக்கி.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும்
நானே எழுதிவைத்த வரி ஒன்று உண்டு:
இது தானியங்கி அஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்.

3.52க்குப் பதில் வந்தது.
யாருமே திறக்காத பெட்டி அது,
சுரங்கத்தை மூடாமல் இருந்ததால் கண்ணில் பட்டது.
பிரணாலி.
நெகட்டிவ் மத்லப் அச்சா ஹை நா?
நெகட்டிவ் என்றால் நல்லதுதானே?

கொரோனாவில் எல்லோரும் படித்த பாடம்தானே அது.
நெகட்டிவ் என்றால் கதவைத் திறக்கலாம், கட்டிக்கொள்ளலாம்.
ஹாங் என்று அடித்தும்விட்டேன்.
அனுப்பும் முன் கோப்பின் பெயர் கண்ணில் விழுந்தது.
கர்ப்பம்.

நாள் தள்ளிப்போய்ப் பயந்தவளா,
பதினோரு வருஷம் காத்திருப்பவளா,
என் பட்டியலில் அதற்குக் கட்டமில்லை.
அந்தக் கடைசி ‘நா’வை
எந்தக் குரலில் சொல்லியிருப்பாள்?

இதற்கு நிரல் எழுத முடியாது.
சுரங்கத்துக்குள் கையாலேயே தட்டினேன்,
யாரிடமிருந்து, யாருக்கு.
354 என்றது சர்வர்:
சொல், கேட்கிறேன்,
முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை.

கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
எனக்கு வாய்த்த அரைகுறை இந்தியில் எழுதினேன்:
குழந்தை இல்லை என்று அர்த்தம்.
அது உங்களுக்கு நல்லதா, எனக்குத் தெரியாது.
ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார், தண்ணீர் வடிந்தால்.
நான் தூங்கவில்லை. இதே முகவரிக்கு எழுதலாம்.

.

250 சரி.
எக்ஸிட் அடிக்கவில்லை.
யூபிஎஸ்ஸில் ஒன்பது நிமிஷம்.