மிச்சமான மரம்

நிலத்துக்கடியில் என்ன ஓடுகிறதென்று
நடைபாதை மேலேயே எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்:
மஞ்சள் என்றால் எரிவாயு, நீலம் குடிநீர்,
சிவப்பைத் தொட்டால் தெருவே இருண்டுவிடும்.
இத்தனை நிறங்களுக்கு நடுவே
நான்கடிக்கு நான்கடி
மண்ணுக்கென்று விட்டிருந்தது கிளீவ்லாந்து.

ஏப்ரல் சனிக்கிழமை. கையுறைக்குள்ளும் விரல் மரத்தது.
பதினோரு குழி, பன்னிரண்டு மரம்.
கணக்கு தப்பவில்லை.
ஒடெஸா டில்லரி
கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே சொன்னாள்:
"போன தடவை நீங்கள் நட்டதன் வேர்
என் சாக்கடைக் குழாய்க்குள் குடிபுகுந்தது.
மரம் உங்களுடையது, பில் மட்டும் என்னுடையது."
என்னிடம் துண்டறிக்கை இருந்தது,
மரத்தால் வரும் ஒன்பது நன்மைகள், வண்ணப் படத்துடன்.
மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

லாரியில் தனியாக நின்றது அந்த ஓக்,
சாக்குக்குள் வேரைச் சுருட்டிக்கொண்டு,
வாடகைக்கு வீடு கிடைக்காதவன் போல.
யாதிராதான் பேருந்து நிறுத்தத்தைக் காட்டினாள்.
பெஞ்சுகூட இல்லை. ஒரு கம்பம், ஒரு எண்.
வண்ணக் கோடுகள் எல்லாம் அங்கே
எப்படியோ விலகிப் போயிருந்தன.
கடப்பாரை போட்டால் செங்கல்,
செங்கலுக்குக் கீழே செங்கல்,
இடித்த வீடொன்றின் சமையலறை ஓடு, ஒரு கரண்டி.
கரண்டியை எறிய யாருக்கும் கை வரவில்லை.
வேரோடு சேர்த்து உள்ளேயே போட்டு மூடினோம்.

வாசல் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற
வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
இதற்கு நேரே இருந்த கட்டம் காலி.
ஜூலையில் இலையோரம் கருகியது.
ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் அடிமண் ஈரம்.
மறுநாளும் ஈரம்.
மூன்றாம் நாள், ஒளியாத குறையாக நின்று பார்த்தேன்:
7.52 பேருந்து இரண்டு நிமிடம் முன்னதாக வந்தது.
ஓட்டுநர் இறங்கினார்,
இருக்கைக்கடியிலிருந்து ஒரு கேன்,
மீட்டர் கணக்கெடுப்பவர் மாதிரி முகம்.
ஊற்றினார். ஏறினார்.
நேரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நேற்று மதியம் அங்கே ஒடெஸா,
இரண்டு கையிலும் கடைச் சாமான்.
நிழல் ஒரு பை அளவுக்குத்தான் இருந்தது,
தலையை நீட்டினாலும் கொள்ளாது.
அவள் என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன்.
பால் இருந்த பையை நிழலில் வைத்துவிட்டுத்
தான் வெயிலில் நின்றாள்.
நிழல் நகர நகரச்
செருப்பு நுனியால்
பையை நகர்த்திக்கொண்டிருந்தாள்,
பேருந்து வரும்வரை.