நகல்

கடலூர் ஆட்சியர் அலுவலக மதிலோரம்
வேப்பமரத்தடியில் என் மேஜை.
திங்கட்கிழமை என்றால் கூட்டம்.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்,
முதியோர் உதவித்தொகை என்றால் இருபது.
நான் பண்ருட்டிக்காரன்.
பலாவைத் தட்டிப் பார்த்து உள்ளே பழமா என்று சொல்வேன்.
மீன் தெரியாது.

சிங்காரத்தோப்பிலிருந்து வந்தவள்
ஈரம் சொட்டும் பையை மேஜைமேல் வைத்தாள்.
அஞ்சலாட்சி, க/பெ என்று தொடங்கினேன்.
"அவரு போய்ட்டாரு. அப்பா பேரப் போடு."
அஞ்சலாட்சி, த/பெ ஏகாம்பரம்.

பொருள்: பெரிய கப்பல்களால் மீன்வளம் பாதிக்கப்படுவது தொடர்பாக.
"கப்பல் இல்ல சாமி.
கப்பல் அதும்பாட்டுக்குப் போவும், வரும்.
இது இழுவமடி.
ரெண்டு விசைப்படகு, நடுவுல ஒரே வல.
சேறு, சிப்பி, சினை
எல்லாத்தையும் வழிச்சிக்கினு போவும்."
அடித்துவிட்டு எழுதினேன்.

"கரையிலிருந்து எவ்வளவு?"
"ஏழு பாகம்."
நான் கேட்டது தூரம்.
அவள் சொன்னது ஆழம்.
பாகம் என்றால் என்றேன்.
எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள்,
பக்கத்தில் பட்டாவுக்கு நின்ற பெரியவர்
குனிந்துகொள்ளும்படி.
"இது ஒண்ணு. இந்த மாதிரி ஏழு.
அவங்க மைலு கேப்பாங்கன்னா
இப்படி எழுது:
கரையில நின்னா
படகுல இருக்கிறவன் போட்ட சட்ட என்னா கலருன்னு தெரியும்."

ஆதாரம் என்ற இடத்தில் பையைப் பிரித்தாள்.
விரல் நீளத்தில் வஞ்சிரம்,
பிறந்த குழந்தையின் காது போலச் சங்கரா,
வயிற்றில் முட்டை அப்பிய நண்டு,
பெயர் அவளுக்கே தெரியாத ஏதோ ஒன்று,
இன்னும் கண் சரியாக வராதது.
"இத யாரும் திங்கறதில்ல.
காயவெச்சி அரைச்சிக் கோழித் தீவனம் பண்றான்."
காலையில் கடையில் தின்ற அவித்த முட்டை
தொண்டைவரை வந்து திரும்பியது.

படகு எண்ணைச் சொன்னாள்,
ரேஷன் கார்டு நம்பரைச் சொல்வதுபோல, தடுமாறாமல்.
உரிமையாளர்?
"அவன எவன் பாத்தான்."
ஓட்டுநர்?

ஒரு நகரப் பேருந்து நின்று,
ஆளை இறக்கி, ஏற்றி, போயே விட்டது.
பையிலிருந்து வடிந்த நீர்
என் கார்பன் தாளைத் தொடப் பார்த்தது.
"பொன்னுரங்கம்."
தந்தை பெயர்?
மீன்வாடை விரலை
என் தாளின் முதல் வரியில் வைத்தாள்.
"இங்க எழுதிக்கிறல்ல. மறுபடியும் எழுதணுமா?"

அதற்குப் பிறகு அவளாகவே பேசினாள்.
"ஃபைபர் போட்டு கடன்ல போச்சி.
பேட்டா குடுத்தான், ஏறிட்டான்.
ஊர்ல தள்ளிவெச்சி ஆறு மாசம்,
நானும் பேசறதில்ல.
இந்தப் பை?
ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல கெடந்துச்சி.
கதவத் தட்டல.
மேல சிகரெட் அட்டையில படகு நம்பரு.
அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா,
நாந்தான 'அ' போட வெச்சேன்."

"ஓட்டுநர் பெயரை எடுத்துவிடலாம்,
எண்ணே போதும்" என்றேன்.
இருபத்தாறு வருடத்தில்
காசு வாங்காமல் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.
தலையாட்டினாள்.
அந்த வரியை, கீழே எழுத்து தெரியாதபடி
நன்றாக அடித்தேன்.

வாயிலில் பையைப் பிரிப்பார்கள்,
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க.
மீன் இருந்தால் என்ன செய்வார்களோ.

நகல்:
ஒன்று, மீன்வளத்துறை உதவி இயக்குநர்.
இரண்டு, வருவாய்க் கோட்டாட்சியர்.
"மூணாவது அவனுக்கு."
"அவர் என்னம்மா நடவடிக்கை எடுப்பார்?"
"படிப்பான்ல" என்றாள்.

கார்பன் தேய்ந்துபோன வாரம் அது.
மூன்றாம் பிரதியில் எழுத்து
தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தது.
வரிசையில் ஆள் நிற்க நிற்க,
அதை மட்டும் எடுத்து
ஒவ்வொரு எழுத்தின்மேலும்
பேனாவால் மறுபடி எழுதினேன்.