ஒட்டாத காற்சட்டை

மசாக்கா பக்கம் அதன் பெயர் செரே.
வெள்ளை இதழ் ஐந்து, நடுவில் மஞ்சள் பொட்டு,
பூ உதிர்ந்ததும் கறுத்த ஊசிகள்,
ஊசி முனையில் இரண்டு கொக்கி.
எண்ணெய் பூசிக்கொண்டு நடந்தாலும் ஒட்டுகிற விதை.
தோட்டக்காரன் திட்டுவான்.
அரிவாள் பட்ட விரலுக்கு அதே இலையைக் கசக்கி வைப்பான்,
வைத்துக்கொண்டே திட்டுவான்.

வழக்கு இதுதான்:
நாபோசாவின் கணவன் இறந்து பதினான்கு மாதம்.
வாழைக்கும் காப்பிக்கும் இடையே
இடுப்பளவு செரே.
களையெடுக்க முடியாதவளுக்கு நிலம் எதற்கு
என்றான் கொழுந்தன் கிகோங்கோ.
அவனிடம் ஒரு வரைபடமும் இருந்தது.
எல்லைக்கு நட்ட லுவான்யிச் செடிகள்
அதில் நாற்பது அடி நகர்ந்திருந்தன,
இரவோடு இரவாகக் கால் முளைத்து.

நான் கிராம மன்றத்தின் எழுத்தன்.
பலாமரத்தடி, பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் கோடு போட்ட நோட்டு.

சர்வேயர் செம்பாலா எழுந்து நின்றார்.
இன்று காலைதான்
நான்கு ஏக்கரையும் சுற்றி நடந்தேன்,
மூலைக்கு மூலை நின்று அளந்தேன், என்றார்.
தலைவர் கியேயுனே தலையசைத்தார்.
நான் எழுதினேன்.

நாபோசா போய் அவர் முன் மண்டியிட்டாள்.
இங்கே பெண்கள் வணக்கம் சொல்வது அப்படித்தான்,
யாரும் பொருட்படுத்தவில்லை.
அவள் அவருடைய காற்சட்டையின் விளிம்பைப் பிடித்தாள்.
சாம்பல் நிறம். இஸ்திரிக் கோடு கலையவில்லை.
இடது கால். வலது கால். பிறகு காலுறை.
ஒன்றுகூட இல்லையே, என்றாள்.

கூட்டம் தன் தன் கால்களைக் குனிந்து பார்த்தது.
வேடிக்கை பார்க்கக் குறுக்கு வழியில் வந்தவர்கள்,
பாவாடையில், பள்ளிச் சீருடையில்,
மதகுருவின் அங்கியில் முழங்கால் உயரத்துக்கு.
மரத்தில் கட்டியிருந்த ஆட்டின் தாடியில்கூட
நான்கு.

இதை எப்படி எழுதுவது?
சாட்சிப் பொருள்: ஒன்றுமில்லை.
அப்படி எழுதினால் மேலே இருப்பவர்கள்
வழக்கையே தள்ளிவிடுவார்கள்.
அடித்தேன். மறுபடி எழுதினேன்.
சாட்சிப் பொருள்: சுத்தமான காற்சட்டை ஒன்று.

வரைபடம் செல்லாது என்று சொன்னபோது
கிகோங்கோ
பலாக்காய்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் அந்த வழியாகப் போனேன்.
கடன் வாங்கிய மண்வெட்டியோடு
அவள் செரேயைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்,
வரிசை வரிசையாக, வேரோடு.
உனக்காகச் சாட்சி சொன்ன செடி அல்லவா, என்றேன்.
சொல்லி முடித்தாயிற்றே, என்றாள்
நிமிராமல்.

வாசலில் என் மனைவி
என் காலுறையைப் பார்த்தாள்.
எங்கே போயிருந்தேன் என்று
கேட்கவில்லை.