ஐநூறு கிலோ வரை

கையேட்டின் நூற்றுப் பதினாறாம் பக்கம் சொல்கிறது:
இந்தக் கார் இழுக்கலாம், ஐநூறு கிலோ வரை.
அதன் கீழே பொடி எழுத்தில் ஏதேதோ.
குன்வோர் அதையும் படித்தாள், இரண்டு முறை.

குப்பைக் கிடங்கின் எடைமேடையில்
டிரெய்லரும் படகுமாக ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
"ரெண்டு கொழுத்த பூனை, அவ்வளவுதானே"
என்றான் மேடைக்காரப் பையன்.
அவள் சிரிக்கவில்லை.
படகின் மோட்டாரைக் கழற்றினாள். இருபத்தேழு கிலோ.
போர்வை சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய,
முன்னிருக்கையில் உட்கார வைத்தாள்.
கார் கத்தத் தொடங்கியது: யாரோ பெல்ட் போடவில்லை.
போட்டுவிட்டாள்.

மணமுறிவில் டோர்கெயருக்கு டீசல் ஜீப்,
அவளுக்கு இந்தச் சின்ன மின்கார்.
படகைப் பாதியாக அறுக்க முடியாதென்பதால்
ஒற்றைப்படை ஆண்டுகள் அவனுக்கு, இரட்டைப்படை அவளுக்கு
என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார்.
"உன் பொம்மை மலை ஏறாது, நானே கொண்டுவந்து விடுகிறேன்"
என்றான், பூட்டின் சாவியையும்
பித்தளை அடைப்பானையும் அவள் கையில் வைத்தபடி.

குருவி பனங்காயைத் தலையில் தூக்கிக்கொண்டு
ஹெம்செடால் கணவாய்ப் பக்கம் கிளம்பியது.

எண்பத்து நான்கு சதவீதம்.
மூன்றாம் வளைவில் எழுபத்தொன்று.
ஹீட்டரை அணைத்தாள். பிறகு ரேடியோவையும்,
அதனால் எதுவும் மிச்சமாகாதென்று தெரிந்தும்.
பின்னால் ஒரு பால் லாரி, அதன் பின்னால் ஒரு கேரவன்,
அதற்கும் பின்னால் வரிசை. ஒதுங்கி வழிவிட்டாள்.
கேரவன்காரர் கையசைத்தாரா, கையை உதறினாரா,
தெரியவில்லை.
பிர்ச் மரங்கள் குட்டையாகி, புதராகி, இல்லாமல் போயின.
இருபத்திரண்டு.

உச்சியில் ஒரு மின்னேற்றி இருந்தது,
காருக்கு மட்டும் அளந்து போட்ட கட்டத்தோடு.
வாலோடு வருகிறவர்களை யாரும் யோசிக்கவில்லை.
கொக்கியைக் கழற்று, சக்கரத்துக்குக் கல் கொடு,
காரை மட்டும் உள்ளே விடு.
நாற்பது நிமிடம். மழை.
கடலுக்கு ஆயிரத்து நூறு மீட்டர் மேலே
ஒரு படகு தனியே நின்று நனைந்தது.
எங்கிருந்தோ ஒரு செம்மறியாடு வந்து
அதன் அடியில் படுத்துக்கொண்டது.
எழுப்ப மனமில்லாமல் குன்வோர்
இன்னும் பத்து நிமிட மின்சாரம் வாங்கினாள்.

இறக்கத்தில்தான் கவனித்தாள்.
அறுபத்தொன்று. வளைவு. அறுபத்திரண்டு.
அத்தனை கிலோவும் முதுகில் கைவைத்துத் தள்ள,
தள்ளியதையெல்லாம் கார் மின்சாரமாக்கி விழுங்கியது.
பாழாய்ப்போன படகு கடனை அடைக்கிறது!
வட்டி கிடையாது, அசலும் முழுசாக இல்லை,
ஆனாலும் அடைக்கிறது. அறுபத்தெட்டு.
"பார்த்தாயா?" என்றாள்
பெல்ட் போட்டிருந்த மோட்டாரிடம்.

ஃபோட்னெஸ் துறையில்
படகை ஏற்றிய வண்டி படகில் ஏறியது.
துறை ஊழியருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.
மொத்த நீளம்தான் அவர் கவலை,
எட்டு மீட்டரைத் தாண்டினால் வேறு கட்டணம்.

அக்கரையில், நீருக்குள் இறங்கும் சரிவில்,
பின்னோக்கி விட வேண்டும்.
இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போனது
கல்யாணத்தின் கடைசி வருடம் மாதிரி.
நான்காம் முயற்சியில் திருப்புவதையே விட்டுவிட்டாள்,
அது நேராகப் போனது.

படகு மிதந்தது.
ஏறினாள். கணுக்கால் நனைந்தது.
ஒரு கணம் அதை மழைத்தண்ணீர் என்று நம்பினாள்.

காருக்கு ஓடினாள். டேஷ்போர்டு அறை, கதவுப் பை,
தரைவிரிப்பு, தன் சட்டைப் பை,
கடைசியில் மோட்டார் உட்கார்ந்திருந்த இருக்கையின் இடுக்கில்
பித்தளை மினுங்கியது.

அடைத்துவிட்டு, காபிக் குவளையால்
தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டும்போது
போன் அதிர்ந்தது. டோர்கெயர்.
'அடைப்பானைப் போட்டாயா?'

ஒரு கை இறைக்க,
மறு கையின் கட்டைவிரலால் பதில் எழுதினாள்:
'சார்ஜ் இன்னும் நாற்பத்தொன்று இருக்கிறது.'