நீலம் ஏறாதவை

இங்கே கதிர் என்றால் நெல்லுத்தான்.
மாரி பிந்திய வருசம்
முரசுமோட்டைப் பக்கம் அது சப்பியாய்ப் போனது
எல்லாருக்கும் தெரியும்.
நான் சொல்லும் கதிர் வேறை.

தெல்லிப்பழையில் கடைசி நோயாளியும் போன பிறகு
சுகிர்தன் அண்ணை இயந்திரத்தை மறுபடி இயக்கினார்,
என் இரண்டு தட்டுகளுக்காக.
மனுசர் படுக்கும் கட்டிலில்
உள்ளங்கையளவு பிளாஸ்டிக்.
ஒன்றில் பெப்தைட்டு, மற்றதில் வெறும் உப்புநீர்.
எது எதென்று தெரியாமல் சேர் ஒட்டி மறைத்திருந்தார்.
எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாதாம்.

சுடுதண்ணிப் போத்தல் இரண்டை அணைகொடுத்து
ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்தபடி
ஆனையிறவு தாண்டினேன்.
"என்ன பிள்ளை, கேக்கோ?" என்றார் கொண்டக்டர்.
கலங்கள் என்றேன்.
நீரேரியைப் பார்த்துச் சிரித்தார்:
"எந்தத் துறைக்கு?"

ஒன்பது அமினோ அமிலம், அவ்வளவுதான்.
கோத்தால் ஒரு மாலைக்கும் காணாது.
கதிர் பட்ட கலம்
தன்னைத் தானே கலைக்கத் தொடங்கும் வேளையில்
உள்ளே போய் அது
"பொறு" என்கிறதா,
ஏதும் கதவை அடைக்கிறதா,
சேருக்கும் சரியாகத் தெரியாது.
பங்கர் மாதிரியோ என்று தம்பி கேட்டான்.
இல்லை என்றேன்.
பங்கருக்குள் இருந்தவையும் செத்தவை.

மூன்றாம் நாள், அறிவியல்நகரில்
மின்சாரம் போய் வந்த இரவு
சாயம் விட்டேன்.
செத்த கலம் நீலத்தை உள்ளே விடும்.
உயிருள்ளது விடாது,
வெளிறிப்போய், பிடிவாதமாய் நிற்கும்.

கட்டம் கட்டமாய் எண்ணினேன்.
கோட்டில் கிடந்தவற்றில்
மேற்கோடும் இடக்கோடும் மட்டும் சேர்த்து,
ஒன்றும் விடாமல்,
ஒன்றையும் இரண்டு தரம் எண்ணாமல்.
இந்த மண்ணில்
செத்ததை நான் எண்ண
ஒருத்தரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை.
அதை நினைத்தேன், எண்ணிக்கை தவறியது.
திரும்ப முதற் கட்டத்துக்கு வந்தேன்.

ஒரு தட்டில் நூறுக்கு அறுபத்தொன்று நீலம்.
மற்றதில் இருபத்திரண்டு.
ஒட்டியதை உரித்துப் பார்த்த சேர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
பிறகு, "இன்னும் ஐந்து தரம் செய்ய வேணும்" என்றார்.

மகிழ்ராணி அக்காவிடம் சொல்லப் போனேன்.
முப்பத்தைந்து கதிர் முடித்தவ.
கழுத்துத் தோல் கருகி, இளநீரும் வாயில் எரிய,
கஞ்சியை ஆறவைத்துக்கொண்டிருந்தா.
என் விரலில் சவர்க்காரத்துக்கும் போகாத நீலத்தைக்
கொஞ்சநேரம் பார்த்தா.

"அது நல்ல கலத்தை மட்டுமோ காக்கும்,
என்ர புற்றையும் சேர்த்தோ?"

அடுத்த தட்டு அதுக்குத்தான் அக்கா.

"அப்ப கெதியா எண்ணு" என்றா,
கரண்டியில் அள்ளியதை
இன்னொருதரம் ஊதினா.