யாரும் படுக்காத விரிப்புகள்

பெப்ரவரி. ஸ்கார்பரோவில்
பனிதள்ளும் வண்டி இரண்டாம் முறையும் போய்விட்டது.
உள்ளே நாங்கள் பதினொரு பேர்,
இன்னும் சூடாறாத உருளை இயந்திரத்தைச் சுற்றி.
மேசை இல்லை.
போன மாதம் அதை விற்று
நின்று வேலை செய்யும் கால்களுக்கு
ரப்பர் மெத்தை வாங்கினோம்.
அதுவும் ஒரு கூட்டத்தின் முடிவுதான்.
அன்றைக்கு நான் தோற்றேன்.

சொல்லிவிடுகிறேன்: வங்கிக் கடன் என் பெயரில்.
கொதிகலனின் தவணை என் பெயரில்.
முடிவு மட்டும் பதினொரு பெயரில்.
கலியாண வீடுகளில் 'லினன் சர்வீஸ்' என்று
சொல்லிச் சமாளிக்கும் என் கணவர்
சோறு பிசைந்த கையோடு சிரிப்பார்:
"சபை கூட்டிச் சலவை செய்யிற முதலாளி
நீர் ஒராள்தான், துஷ்யந்தி."

விடயம் இது.
விமான நிலையத்தருகே ஒரு ஹோட்டல்.
நானூறு அறை, நாள்தோறும் விரிப்பு,
இரவிலும் இயந்திரம் ஓடவேண்டும்.
மூன்று வருடத்தில் கடனை அடைக்கலாமென்று
நான் கணக்குப் போட்ட தாள்
குளிர்ச்சட்டைப் பையில் நாலாய் மடிந்து கிடந்தது.
எடுக்கவில்லை.
நான் முதலில் பேசினால்
மற்றவர்கள் பேசுவதெல்லாம் எனக்குப் பதிலாகிவிடும்.
இதைக் கற்க எனக்குச் செலவு
ஆறு வருடமும், விட்டுப்போன இரண்டு நல்ல ஆட்களும்.

வழமைப்படி கட்டைவிரல்.
மேலே என்றால் சம்மதம்.
கீழே என்றால் மறுப்பு.
படுக்கையாய் என்றால்
பிடிக்கவில்லை, ஆனாலும் தாங்குவேன்.

லிகாயா மேலே. மகள் கல்லூரிக்குப் போகிறாள்.
ரெஜினோல்ட் மேலே, கேள்வி முடியுமுன்பே.
சிவமலர் படுக்கையாய், அவளைப் பார்த்து இன்னும் மூவர்.
யோகநாயகம் அண்ணன் வலக்கையைத் தூக்கினார்.

வலக்கையில் அவருக்குக் கட்டைவிரல் இல்லை.

பழைய முதலாளி காலம், கிறிஸ்மஸ் அவசரம்,
இதே உருளை.
எல்லோருக்கும் தெரியும்.
இத்தனை கூட்டங்களிலும் இடக்கையைத்தான் காட்டினார்.
இன்று நாலு விரல்,
பக்கத்தில் குழல்விளக்கின் வெளிச்சம்.
மேலா? கீழா?
பார்த்துக்கொண்டே நின்றோம்.
நீராவிக் குழாய் ஒருமுறை விக்கியது.

"வாயால சொல்லுங்கோவன் அண்ணை."
"அதுக்குத்தான் தூக்கினனான்."
பிறகும் அவர் பேசவில்லை.
ஃபாதுமாவைக் காட்டினார்.
"இவ ஏதோ சொல்ல வந்து ரெண்டு மாதம்."

ஃபாதுமா அழுக்குப் பிரிப்பவள்.
நான் கடந்து மட்டுமே போகும் மூலை அது.
கையுறையைக் கழற்றினாள்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன:
ஹோட்டல் மூட்டைகளில்
மூன்றில் ஒன்று அழுக்கே இல்லை.
மடிப்புக் கலையவில்லை. ஒரு தலைமயிர் இல்லை.
யாரும் படுக்காத கட்டிலின் விரிப்பு.
அதைத்தான் நாங்கள்
கொதிநீரில் போட்டு, குளோரின் ஊற்றி,
ஒருவரும் உறங்காத உறக்கத்தைத்
துவைத்துக்கொண்டிருந்தோம்.

"குறைச்சுத் துவையுங்கோ எண்டு சொல்லுற
சலவைக்காரரை ஆர் கூப்பிடுவினம்?"
ரெஜினோல்ட் கேட்டான். நல்ல கேள்வி.
ஒருவரிடமும் பதில் இல்லை.
கேள்வியையே குறிப்பில் எழுதச் சொன்னேன்.

பதினொன்றரைக்கு ஒரு வாக்கியம் பிறந்தது:
பகலில் மட்டும்; படுத்த விரிப்புகள் மட்டும்.
மறுபடி விரல்கள்.
லிகாயாவின் விரல் மேலிருந்து மெல்லச் சாய்ந்தது.
அவள் மகளின் கட்டணம் அந்த வாக்கியத்தில் இல்லை.
அதையும் எழுதினோம்.
அண்ணன் இம்முறை இடக்கை. மேலே.
கடைசியாக நான்.

பதினேழு நாளாயிற்று.
ஹோட்டலிலிருந்து பதில் இல்லை.
முதலாந்திகதி தவணை.
தாளை இன்னும் கிழிக்கவில்லை.
மார்க்கம் வீதிச் சிவப்பு விளக்கில்
வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்,
ஸ்டியரிங்கின் மேல் என் கட்டைவிரல்
இன்றைக்கும் படுக்கையாய்த்தான் கிடக்கிறது.