மேற்கே காடு

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
மூன்றாம் மேசைக்காரர் சொன்னார்:
"உறுதியும் இல்லை, பெர்மிற்றும் இல்லை.
உங்கட காணி எண்டுறதுக்கு
ஒரு துண்டாவது கொண்டாங்கோ."

துண்டு வலைஞர்மடத்தில்
ஒரு சூட்கேசோடு எரிந்தது.
அதில் மிஞ்சியிருந்த ஒரே சீலையும் போனது.
சீலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அம்மாவுக்கு ஒன்றுதான் ஞாபகம்:
பூட்டனுக்கு வெள்ளைக்காரன் பென்சன் வந்தது.
ஆமியில் இருந்தவராம்.
சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள்.
எங்களைத் தவிர அங்கே நின்றது
ஒரு அடைகோழி.

மாங்குளத்தில் இரவு பஸ் ஏறி
நாலு முறை கொழும்புக்குப் போனேன்.
வீரகத்தி என்று தேடினால் ஆள் இல்லை.
ஒரு துரையின் காதில் அவர் வீராகுட்டி,
இன்னொருவன் கையில் விரக்கட்டி,
சம்பளப் புத்தகத்தில் வெறும் கட்டி.
நாலாம் முறை, கோப்பறையில் தினூஷா என்றொரு பிள்ளை
பெயரை விட்டுவிட்டுக் கைநாட்டைப் பார்த்தாள்.
மூன்றிலும் அதே பெருவிரல்,
குறுக்கே ஒரு வெட்டுக்காயம்.
"ஒரே ஆள் அக்கா," என்றாள்
எண்ணி எண்ணிப் பேசும் தமிழில்.

உயரம் ஐந்தடி மூன்று.
இடது முழங்காலில் தழும்பு.
பயோனியர் படை, நாற்பத்திரண்டில் சேர்ந்தது.
வேலை: குழி வெட்டுதல்.

துவக்குத் தூக்கியதாக எங்கும் இல்லை.
ஏதோவொரு மணல் தேசத்தில்
ஆரோ ஆரோடோ பிடித்த சண்டைக்கு
நாலு வருசம் பதுங்குகுழி வெட்டியிருக்கிறார்.
அதற்கு மாதம் பதின்மூன்று ரூபாய் ஐம்பது சதம்,
முத்தையன்கட்டு வாய்க்காலுக்குக் கீழே மூன்று ஏக்கர்.

நாங்களும் வெட்டினோம்.
விசுவமடுவில், சுதந்திரபுரத்தில்,
தம்பி வெட்ட நான் மண் அள்ளினேன்.
மாத்தளனில் மணல் வெட்ட வெட்டச் சரிந்தது.
அம்மா கூறைச்சீலையைக் கிழித்து
மூட்டை தைத்தாள்.
ஒரு குழிக்கும் இலக்கம் இல்லை.
இப்போதும் புது இடம் போனால்
காலால் நிலத்தைக் கிளறி,
"வெட்ட நல்ல மண்," என்பாள்.

கோப்பில் வருசத்துக்கொன்றாய்
இருபத்தாறு தாள், விதானையார் ஒப்பம்:
மேற்படி நபர் என் முன் தோன்றினார்.
உயிருடன் உள்ளார்.
தினூஷா புரட்டிக்கொண்டே போனாள்.
நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி
அந்த வரியைத் திரும்ப வாசித்தேன்.

தம்பிக்கும் ஒரு தாள் தருகிறோம் என்றார்கள்.
உயிருடன் என்றும் எழுதாத,
இல்லை என்றும் எழுதாத தாள்.
அம்மா ஒப்பம் வைக்கவில்லை.

கடைசித் தாளில் காணி கிடந்தது:
வடக்கே வாய்க்கால்.
கிழக்கே கண்டாவளையார் பங்கு.
தெற்கே இரட்டைப் பாலை.
மேற்கே காடு.

மூன்றாம் மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சரி தங்கச்சி. அதில மேற்கே காடு.
இப்ப நாலு பக்கமும் காடெல்லோ.
காட்டிலாகா கல்லும் போட்டிட்டாங்கள்."
"மேற்கில நிண்டது நடந்து வந்திட்டுது ஐயா,
நாங்கள் இல்லாத நேரம் பார்த்து."
சிரிக்க வந்தவர், வாயை மூடிக்கொண்டு
இன்னொரு படிவம் எடுத்தார்.

ஒன்பதாம் கேள்வி:
குடும்பத்தில் படையில் இருந்தோர் விபரம்.
இடம் ஒரு வரிதான்.
வீரகத்தி என்று எழுதினேன்,
பக்கத்தில் வீராகுட்டி, விரக்கட்டி, கட்டி.
வரி நிறைந்துவிட்டது.
பேனா மட்டும் தாளை விட்டு எழும்பவில்லை,
மை ஊறிப் பொட்டாகிக்கொண்டிருந்தது.

"வேற ஆரும்?"
அவர் நிமிரவில்லை.

"தெற்கால பாலை நிக்குது ஐயா," என்றேன்.
"இரட்டையில ஒண்டு செல்பட்டு முறிஞ்சுது.
மற்றது நிக்குது.
வந்து பாருங்கோ."